குட்டியைக் கொடுக்கும் முன் வாரங்களை எண்ணுங்கள்

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, கூலாயில் எங்கள் தாமானில் சுற்றித் திரிந்த ஒரு பெண் நாய் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் ஐந்து குட்டிகள் போட்டது. அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பழைய துணி விரித்து, தாய்க்குச் சோறும் மீனும் போட்டுப் பார்த்துக்கொண்டேன். குட்டிகள் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்ததும் அக்கம் பக்கத்தில் செய்தி பரவிவிட்டது. “டீச்சர், எங்களுக்கு ஒண்ணு எடுத்து வைங்க” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

ஐந்தாவது வாரத்திலேயே எல்லாக் குட்டிகளையும் கொடுத்துவிட்டேன். பல் முளைத்துவிட்டது, சோற்றை நக்கித் தின்கிறது, இனித் தாய் எதற்கு என்பது என் எண்ணம். “சின்னதா இருக்கும்போதே கொண்டுபோனால்தான் வீட்டோட ஒட்டிக்கும்” என்று வாங்கியவர்களும் சொன்னார்கள். ஐந்துக்கும் வீடு கிடைத்துவிட்டதே என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அவற்றில் ஒன்று இரண்டு சந்து தள்ளியிருந்த ஒரு குடும்பத்துக்குப் போனது. அந்த வீட்டுப் பத்து வயதுப் பெண் அதற்கு ‘பிஸ்கட்’ என்று பெயர் வைத்தாள். ஐந்தாம் நாள் மாலை அவளுடைய அம்மாவிடமிருந்து போன் வந்தது.

“டீச்சர், பிஸ்கட் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. வாந்தியா எடுக்குது. இப்ப ரத்தமா போகுது.”

என் காரிலேயே ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். மருத்துவர் சிறு பரிசோதனை செய்துவிட்டு, பார்வோ என்றார். பிறகு என்னைப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்டார். எத்தனை வாரக் குட்டி? தடுப்பூசி போட்டதா? பூச்சி மருந்து கொடுத்ததா? முதல் கேள்விக்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, “சிக்கு, அவசரப்பட்டுட்டீங்க” என்று மலாயில் சொன்னார்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இரவு பிஸ்கட் இறந்துவிட்டது. வேறொரு வீட்டுக்குப் போன குட்டியும் அதே வாரத்தில் போய்விட்டது. அந்தச் சிறுமி என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “நான் என்ன தப்பு செஞ்சேன் டீச்சர்?” நீ ஒன்றும் செய்யவில்லை அம்மா என்றேன். செய்தவள் நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இன்று அதைத்தான் எழுதுகிறேன். கடந்த ஆண்டு டிசம்பர் மழையில், செம்பனைத் தோட்டத்து ஓரக் கால்வாயிலிருந்து ஒரு தாய் நாயையும் ஆறு குட்டிகளையும் தூக்கிவந்தேன். இந்த முறை எதையும் நானாக முடிவு செய்யவில்லை. அதே மருத்துவரிடம் போய் உட்கார்ந்து, ஒரு நாட்காட்டியை நீட்டி, “எந்த நாளில் என்ன செய்யவேண்டும், குறித்துக் கொடுங்கள்” என்றேன். அன்று அவர் சொல்லித் தந்தவற்றை, குட்டி கொடுப்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் உதவும் என்று இங்கே பகிர்கிறேன்.

தாய்ப்பால் கொடுக்கும் காவல்

குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில்தான் நோயை எதிர்க்கும் சக்தி இருக்கிறது. தாய்க்கு எந்த நோய்க்கு எதிரான சக்தி இருக்கிறதோ, அது பால் வழியாகக் குட்டிக்கும் வந்துவிடும். ஆனால் அது இரவல் சொத்து. ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். சில குட்டிகளுக்கு ஆறு வாரத்திலேயே தீர்ந்துவிடும். சிலவற்றுக்கு மூன்று மாதம் தாண்டியும் மிச்சமிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தாயிடமிருந்து வந்த சக்தி இரத்தத்தில் அதிகமாக இருக்கும்போது தடுப்பூசி போட்டால், அது தடுப்பூசியையும் நோய்க்கிருமி என்று நினைத்து அழித்துவிடும். ஊசி வீணாகும். அதே சக்தி குறைந்துவிட்டால் நோய் உள்ளே நுழையும். ஊசி வேலை செய்யாத அளவுக்கு அதிகமாகவும், நோயைத் தடுக்க முடியாத அளவுக்குக் குறைவாகவும் இருக்கும் நாட்கள் இடையில் வரும். அந்த நாட்கள்தான் ஆபத்தானவை. அவை எந்தக் குட்டிக்கு எப்போது வரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே வயிற்றில் பிறந்த ஆறுக்கும் ஆறு கணக்கு.

அதனால்தான் ஒரே ஊசியோடு நிற்காமல், சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். “ஒரு ஊசி போட்டாச்சு, இனிப் பயமில்லை” என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதல் ஊசி ஒரு தொடக்கம் மட்டுமே.

வாரக் கணக்கு

கால்வாயிலிருந்து எடுத்துவந்த குட்டிக்குப் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? கண்ணையும் பல்லையும் வைத்துக் கணக்கிடலாம் என்றார் மருத்துவர். பிறந்து 10 முதல் 14 நாளுக்குள் கண் திறக்கும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் பால்பல் எட்டிப் பார்க்கும். எங்கள் குட்டிகள் வந்தபோது கண் மூடியிருந்தது. சில நாளில் திறந்தது. அதை வைத்து ஒரு தேதியைப் பிறந்தநாளாக எழுதிக்கொண்டோம்.

இரண்டாவது வாரத்தில் பூச்சி மருந்து. இவ்வளவு சின்னதற்கா என்று கேட்காதீர்கள். உருண்டைப் புழு குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே உள்ளே போய்விடும். பால் வழியாகவும் வரும். ஆகவே இரண்டு, நான்கு, ஆறு, எட்டு வாரம் என்று நான்கு தடவை கொடுக்கவேண்டும். தாய்க்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். எடை பார்த்துத்தான் அளவு. பெரிய நாயின் மாத்திரையைக் கண்ணளவில் உடைத்துப் போடக்கூடாது. இந்தப் புழுக்கள் மனிதர்களையும் விடாது, குறிப்பாக மண்ணில் விளையாடும் பிள்ளைகளை. கொக்கிப் புழுவின் இளம்புழு, வெறுங்காலோடு நடப்பவர்களின் தோலுக்குள்ளேயே நுழைந்து ஊர்ந்து அரிப்பெடுக்கும்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. எங்கள் குட்டிகளுக்கு ஏழாவது வாரம் என்று முடிவானது. பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரலைத் தாக்கும் அடினோ வைரஸ் ஆகியவற்றுக்கு எதிரானது இது. பிறகு இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள். முக்கியமான விஷயம், கடைசி ஊசி குட்டிக்குப் பதினாறு வாரம் நிறைந்த பிறகு போடப்படவேண்டும். அப்போதுதான் தாயிடமிருந்து வந்த சக்தி பெரும்பாலும் தீர்ந்து, ஊசி உள்ளே பிடிக்கும். உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. எங்கள் நாட்காட்டியில் 7, 10, 13, 16 என்று நான்கு வாரங்கள் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டன. சில கிளினிக்குகளில் 8, 12, 16 என்று மூன்று தடவை போடுவார்கள். எந்தக் கணக்காக இருந்தாலும் பதினாறை விட்டுவிடாதீர்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகோ ஒரு வயதிலோ மீண்டும் ஓர் ஊசி உண்டு. அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் நோய்க்கு நோய் பிரித்துச் சொல்வார்.

ஊசி மருந்தை எங்கிருந்தோ மலிவாக வாங்கி வீட்டிலேயே போட்டுவிடலாம் என்று எனக்கும் ஒருவர் யோசனை சொன்னார். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்கவேண்டும். நம் ஊர் வெயிலில் கொஞ்ச நேரம் பையில் கிடந்தால் போதும், குட்டிக்குள் போவது வெறும் தண்ணீர்தான்.

மனிதனும் நாயும்

நாய்களின் இந்த நோய்களுக்குப் பெரிய வரலாறே இருக்கிறது. பெரியம்மைத் தடுப்பூசியைத் தந்த எட்வர்ட் ஜென்னர் 1809-இல் நாய்களின் டிஸ்டெம்பர் பற்றி எழுதியிருக்கிறார். அது ஒரு வைரஸ் என்று பிரான்ஸின் ஆன்றி கார்ரே 1905-இல் காட்டினார். 1920-களில் இங்கிலாந்தில் லெய்ட்லா, டன்கின் என்ற இருவர் அதற்குத் தடுப்பூசி உருவாக்கினார்கள். நாய்ப் பார்வோ இவற்றோடு ஒப்பிட்டால் புதியது. 1978-இல் தலைகாட்டி, இரண்டே ஆண்டுக்குள் உலகம் முழுவதும் பரவிவிட்டது.

பார்வோ கிருமி உடம்பில் நுழைந்து, நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளாகும். கொடுக்கும் நாளில் குட்டி துள்ளி விளையாடும். ஐந்தாம் நாள் சுருண்டுவிடும். பிஸ்கட்டின் கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது என் வீட்டில் பிடித்ததா, அவர்கள் வீட்டில் பிடித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கே பிடித்திருந்தாலும், காவல் இல்லாமல் அனுப்பியவள் நான்.

மருத்துவர் என்ன பார்க்கிறார்?

ஊசி போடுவது இரண்டு நிமிட வேலை. அதற்கு முன் அவர் ஒவ்வொரு குட்டியையும் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தார். அண்ணத்தில் பிளவு இருக்கிறதா, கண்ணிலும் மூக்கிலும் சளி வடிகிறதா, இதயத்தில் வேறு சத்தம் கேட்கிறதா, தொப்புளில் குடலிறக்கம் உண்டா, ஆண் குட்டிக்கு விதைகள் இறங்கியிருக்கின்றனவா, காதில் செள்ளு இருக்கிறதா, உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்தார். எடை போட்டார். மலத்தைக் கண்ணாடியில் வைத்துச் சோதித்தார்.

ஆறில் ஒன்றுக்குத் தொப்புளில் சிறு குடலிறக்கம் இருந்தது. இன்னொன்றுக்கு மலத்தில் கொக்கிப் புழு முட்டைகள் நிறைய. ஈறு வெளுத்துப்போயிருந்தது. “இதுக்கு இன்னிக்கு ஊசி வேண்டாம் சிக்கு. மருந்து கொடுத்து ஒரு வாரம் தேத்திட்டுக் கொண்டு வாங்க” என்றார். சோர்ந்த உடம்பில் ஊசி சரியாக வேலை செய்யாது என்பது காரணம்.

அந்தக் குட்டியை எடுப்பதாகச் சொல்லியிருந்த தம்பதியிடம் விஷயத்தைச் சொன்னேன். “பரவாயில்ல டீச்சர், நாங்க காத்திருக்கோம்” என்றார்கள். தொப்புள் குடலிறக்கம் உள்ள குட்டியை எடுப்பதாக இருந்தவரோ, விஷயம் கேட்டதும் வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு வருத்தம்தான். ஆனால் மறைத்துக் கொடுத்திருந்தால் ஆறு மாதம் கழித்து அதைத் தெருவில் விட்டிருப்பார். விஷயம் தெரிந்தே வேறொருவர் அதை எடுத்துக்கொண்டார். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையின்போதே அதையும் சேர்த்துச் சரிசெய்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னது அவருக்குத் தைரியம் கொடுத்தது.

ஏன் எட்டு வாரம்?

ஆறாவது வாரத்தில் ஒருவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மகனுக்குப் பிறந்தநாள், அன்றைக்கே குட்டி வேண்டும் என்றார். முடியாது என்றேன். “சும்மா கொடுக்கிற குட்டிக்கு இவ்வளவு சட்டமா?” என்று கோபித்துக்கொண்டார். பிறந்தநாளுக்குக் குட்டியின் படத்தைக் கொடுங்கள், குட்டி பின்னால் வரும் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், மூன்று வாரம் கழித்து மகனையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

எட்டு வாரம்வரை தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருப்பது வயிற்றுக்காக மட்டும் அல்ல. எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி, உடன்பிறந்தது கத்தும்போதுதான் கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி வீட்டுப் பிள்ளையின் கையைக் கடிக்கும். பிறகு, “முரட்டு நாய்” என்று அதன்மேல் பழி விழும்.

அதற்காக, எல்லா ஊசியும் முடியட்டும், நான்கு மாதம்வரை கூண்டில் வைப்போம் என்று இருப்பதும் தவறு. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965-இல் வெளியிட்ட நூலில், மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம்வரை குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம் என்று காட்டினார்கள். அந்த நாட்களில் மனிதர்கள், மோட்டார் சத்தம், இடி, குழந்தைகள் எல்லாம் பழகாத குட்டி, வாழ்நாள் முழுக்கப் பயந்தே வாழும். ஆகவே எட்டு வாரம் முடிந்த பிறகு, ஓர் ஊசியாவது போட்டு, அது வேலை செய்யக் குறைந்தது ஒரு வாரம் விட்டு, புது வீட்டுக்கு அனுப்புவதே நல்லது. ஊசி போட்ட கையோடு வழியனுப்பாதீர்கள். இடம் மாறும் பயம், புதுச் சாப்பாடு, ஊசி எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால் குட்டி தாங்காது.

கொடுக்கும் நாளில்

பச்சைக் குழந்தைக்கு அரசாங்க கிளினிக்கில் சுகாதாரப் புத்தகம் கொடுப்பார்களே, அதுபோல ஒவ்வொரு குட்டிக்கும் மருத்துவரிடம் தடுப்பூசி அட்டை வாங்கினேன். போட்ட ஊசியின் ஸ்டிக்கர், தேதி, பூச்சி மருந்து கொடுத்த நாட்கள், எடை எல்லாம் அதில் இருக்கும். அடுத்த ஊசிகளுக்கான தேதிகளை நானே எழுதினேன். அட்டை இல்லாமல் குட்டி வாசலைத் தாண்டவில்லை. தின்றுகொண்டிருந்த உணவில் ஒரு வாரத்துக்கான பங்கும், தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டும் கூடவே போயின. உணவைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். துணியின் வாடை முதல் இரவு அழுகையைக் குறைக்கும்.

குட்டி வாங்குபவர்களுக்கும் சில வார்த்தை. வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று நாளுக்குள் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கடைசி ஊசி முடியும்வரை மற்ற நாய்கள் திரியும் திடல், சந்து, கால்வாய் ஓரம் எல்லாம் வேண்டாம். உலகத்தைக் காட்டக் கையில் தூக்கிக்கொண்டு போங்கள், தரையில் விடாதீர்கள். ஊசி போட்ட, நலமான பெரிய நாய் உள்ள உறவினர் வீட்டுக்குப் போகலாம். வாந்தியோ இரத்தப் போக்கோ கண்டால் மறுநாள்வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். பார்வோ வந்த குட்டி, சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது.

முன்பு உங்கள் வீட்டில் ஒரு குட்டி இப்படி இறந்திருந்தால், உடனே இன்னொன்றைக் கொண்டுவராதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் பல மாதம், ஓராண்டுகூட உயிரோடு இருக்கும். சோப்புக்குச் சாகாது. சிமெண்டுத் தரையை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு குளோரோக்ஸுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு மீண்டும் கழுவவேண்டும். புல்தரைக்கு அந்த வழியும் இல்லை.

நம் நாட்டில் கவனிக்கவேண்டியவை

எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், 2010 முதல் நம் நாட்டில் மருத்துவர்கள் கட்டாயம் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களில் ஒன்று. வெள்ளமும் கால்வாயும் நிறைந்த ஜொகூரில் நாய்க்கும் அது வரும். நாயிடமிருந்து நமக்கும் வரலாம். எட்டு வாரத்துக்குப் பிறகு அதற்கும் இரண்டு ஊசி உண்டு. பிறகு ஆண்டுதோறும் போடவேண்டும். கொசு கடித்துப் பரவும் இதயப் புழுவுக்கு, எட்டு வார வயதிலிருந்தே மாதாமாதம் மருந்து கேட்டு வாங்குங்கள்.

வெறிநோய் நமக்குத் தூரத்துச் செய்தி என்று இருந்துவிட முடியாது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் பரவி உயிர்களைப் பறித்தது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் இந்த ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

2015-ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. வளர்க்கும் பிராணியை நோயிலிருந்து காப்பதும் உரிமையாளரின் கடமை என்று அது சொல்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஊராட்சி மன்றத்தில் நாய் லைசென்ஸ் எடுப்பதையும் மறக்கவேண்டாம்.

செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒரு குட்டிக்கு ஒருமுறை ஊசி போடும் பணம், குடும்பத்தோடு கடையில் ஒரு வேளை சாப்பிடும் பணம்தான். பார்வோ வந்து கிளினிக்கில் படுத்தால் ஆகும் செலவு அதைப்போலப் பல மடங்கு. குட்டி எடுப்பவரிடம் முதல் ஊசிப் பணத்தைக் கேட்டு வாங்க நான் வெட்கப்படவில்லை. அதைக் கொடுக்கத் தயங்குபவர் மற்ற மூன்று ஊசிக்கும் போகமாட்டார். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடும் செய்தாகிவிட்டது. அவள் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

ஆறு குட்டிகளுக்கும் பதினாறாவது வார ஊசி முடிந்துவிட்டது. அட்டையின் கடைசிக் கட்டத்தைப் படமெடுத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். இருவருக்கு மட்டும் நான் இரண்டு தடவை போன் செய்து நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

குட்டிகள் எங்கள் வீட்டில் இருந்தபோது அந்தப் பழைய வீட்டுக்கும் போனேன். அந்தச் சிறுமி இப்போது படிவம் ஐந்தில் படிக்கிறாள். அன்று சொல்லாததை அவளிடம் சொன்னேன். “பிஸ்கட் செத்ததுக்கு நீ காரணம் இல்லம்மா. நான்தான் அவசரப்பட்டுக் கொடுத்துட்டேன்.” அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு வேற குட்டி வேண்டாம் டீச்சர். ஆனா ஊசி போடக் கொண்டு போறப்ப நானும் வரேன்” என்றாள். பத்தாவது வாரம் புழு மருந்து குடித்துத் தேறிய அந்தச் சின்னக் குட்டி அட்டையோடு புது வீட்டுக்குக் கிளம்பும் வழியில் இரண்டாவது எடைக்காகக் கிளினிக்குக்குப் போனபோது, அதை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் வந்தவள் அவள்தான்.

உங்கள் வீட்டிலும் குட்டிகள் இருக்கலாம். யாராவது வந்து இன்றைக்கே வேண்டும் என்று கேட்கலாம். வாரத்தை எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.